கோழிக் கொட்டகையில் கண் எரிகிறது, ராத்திரியில் இருமல்: எந்த மாஸ்க் போடுவது, யாரிடம் சொல்வது?

முட்டைத்தட்டு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாக்காரன். கேலாங் பாத்தாவிலிருந்து விடியற்காலையில் மோட்டாரில் கிளம்பி, துவாஸ் இரண்டாம் பாலம் தாண்டி, லிம் சூ காங் பக்கம் ஒரு முட்டைப் பண்ணையில் வேலை செய்கிறேன். பண்ணையின் பெயர் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் முட்டைப் பண்ணைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், நான் யார் என்று தெரிந்துவிடும்.

எங்களுடையது மூடிய கொட்டகை. ஒரு கோடியில் உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்க தண்ணீர் ஓடும் பேட், மறு கோடியில் ஆள் உயர விசிறிகள், நடுவில் அடுக்கடுக்காகக் கூண்டுகள். ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே பெல்ட் ஓடி எச்சத்தை வெளியே கொண்டுபோய்த் தள்ளும். செத்த கோழி பொறுக்குவது, கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் பார்ப்பது, விசிறிப் பக்கம் பெருக்குவது எல்லாம் என் வேலை.

ஒரு வரிசையில் பெல்ட் உருளை உடைந்து, சாமான் வரவேண்டும் என்று அப்படியே கிடக்கிறது. அதே வரிசையில் நிப்பிளும் ஒழுகுகிறது. எச்சம் சேறாகிப் புளித்துப்போய்க் கிடக்கிறது. காலையில் உள்ளே நுழைந்ததும் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரியும். ஆனால் கொஞ்ச நேரத்தில் நாற்றமே தெரியாது. ஃபோர்மேன், "பார்த்தியா, உடம்பு பழகிடுச்சு" என்கிறார்.

இன்னொன்று. போன மாதம் ஒரு கொட்டகையில் கிழட்டுக் கோழிகளையெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டுச் சுத்தம் செய்தோம். காற்று அடிக்கும் பைப்பை வைத்துக் கூண்டு, வயர், விசிறித் தகடு எல்லாவற்றிலும் தூசியை ஊதித் தள்ளினோம். எதிரில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் புகை மாதிரி தூசி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் குளிர் நடுக்கம், காய்ச்சல், எலும்பெல்லாம் வலி. டெங்கியாக இருக்குமோ என்று பயந்து கிளினிக் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி இல்லை என்றார்கள். மறுநாள் சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிட்டேன். கூட வேலை செய்த மியன்மார் தம்பிக்கும் அதே ராத்திரி அதே மாதிரி. ஃபோர்மேன், மழையில் நனைந்திருப்பீர்கள் என்று முடித்துவிட்டார். அன்று மழையே இல்லை.

இப்போது ராத்திரியானால் இருமல், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருக்கிறது. ஓய்வு நாளில் வீட்டில் இருந்தால் குறைகிறது. மனைவி, "அந்தப் பண்ணைதான் காரணம், விட்டுடுங்க" என்கிறாள். விட்டுவிட்டு என்ன செய்வது?

பண்ணையில் நீல நிற மூன்றடுக்கு மாஸ்க் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். நானே மருந்துக்கடையில் என்95 வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டாலும் நாற்றம் வருகிறது. போலி மாஸ்க்கா? இது பெரிய வியாதியில் கொண்டுபோய் விடுமா? மேலே புகார் சொன்னால் ஒர்க் பெர்மிட்டுக்கு ஆபத்து வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீழ்த்தளக்_காப்பி எழுதியது:

அண்ணே, மாஸ்க்குக்கு உள்பக்கம் இரண்டு சொட்டு கோடாலித் தைலம் தடவிக்கொள்ளுங்கள். நான் குப்பை லாரியில் வேலை செய்தபோது அப்படித்தான். நாற்றம் கிட்டவே வராது. ராத்திரி பனங்கற்கண்டு பால். சரியாகிவிடும்.

---

பெல்ட்_சத்தம் எழுதியது:

கோடாலித் தைலம் வேண்டவே வேண்டாம். நாற்றம் ஒன்றுதான் உங்களிடம் இப்போது இருக்கும் எச்சரிக்கை மணி, அதையும் ஏன் மூடவேண்டும்? தைலம் அம்மோனியாவைத் தடுக்காது, மூக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். ஏற்கெனவே எரிகிற தொண்டைக்கு அது இன்னொரு எரிச்சல்.

நான் இங்கே பண்ணையில் வேலை செய்துவிட்டு, பிறகு பாதுகாப்புப் படிப்பு படித்து இப்போது வேறு துறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஓய்வு நாளில் படியுங்கள்.

முதலில் உங்கள் ஃபோர்மேன் சொன்ன "பழகிடுச்சு". பழகியது மூக்கு. நுரையீரல் பழகவில்லை. அம்மோனியா காற்றில் 5 பிபிஎம் அளவுக்கு வந்தாலே, அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருந்தாலே, பலருக்கு மூக்கில் தெரிய ஆரம்பிக்கும். அதே காற்றில் நின்றுகொண்டே இருந்தால் மூக்கு சோர்ந்துபோய்ச் சொல்வதை நிறுத்திவிடும், அளவு கூடினாலும் தெரியாது. அதனால் அரை மணி நேரம் உள்ளே இருந்தவர் சொல்வதை நம்பக் கூடாது. வெளியிலிருந்து புதிதாக வருகிறவர், தீவன லாரிக்காரரோ யாரோ, வாசலில் முகத்தைச் சுளிக்கிறாரா என்று பாருங்கள். கோழியையும் பாருங்கள். விசிறிப் பக்கக் கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு, நீர் வடிந்து, தலையைச் சிறகில் தேய்த்துக்கொண்டு நின்றால் அங்கே காற்று மோசம் என்று அர்த்தம். அவை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவதில்லை, நம்மைவிட முன்னால் அடி வாங்குகின்றன.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? கோழி தனியாகச் சிறுநீர் விடாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது யூரிக் அமிலம். ஈரமும் சூடும் சேர்ந்தால் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியாவாக மாற்றிவிடும். புதிதாக விழுந்த எச்சத்தில் அது குறைவு, நாள் ஆக ஆகத்தான் ஏறும். பெல்ட் வைத்ததே அதற்காகத்தான், புளிப்பதற்கு முன் வெளியே தள்ளிவிட. உங்கள் உடைந்த வரிசையில் எச்சமும் தேங்கி, நிப்பிள் தண்ணீரும் சொட்டுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். ஃபோர்மேனுக்கு அது ஒரு பழுது, சாமான் வந்தால் சரியாகும். எனக்கு அது கொட்டகை நடுவில் வைத்த அம்மோனியா பீப்பாய். சாமான் வரும்வரை கையால் வாரித் தள்ளச் சொல்லுங்கள். நிப்பிள் வாஷர் மாற்றுவது பத்து நிமிட வேலை, அதை இன்றைக்கே கேளுங்கள்.

விசிறியையும் ஒரு பார்வை பாருங்கள். ஓடுகிற சத்தம் கேட்டால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெல்ட் தளர்ந்த விசிறி சத்தமாக ஓடும், காற்றை இழுக்காது. வெளியே இருக்கும் தகடுகளில் இறகும் தூசியும் அப்பிக்கொண்டு பாதிதான் திறக்கும். மறு கோடியில் பேட் பாசி பிடித்து அடைத்திருந்தால் விசிறிக்கு மூச்சு முட்டும். நான் இருந்த இடத்தில் தகடுகளைக் கழுவி, பெல்ட்டை இறுக்கிய அன்றே கடைசி வரிசையில் நிற்க முடிந்தது. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். காற்று பேட் பக்கமிருந்து விசிறிப் பக்கம் போகிறது. போகப் போக எல்லாக் கோழியின் தூசியையும் அம்மோனியாவையும் அள்ளிக்கொண்டு போகும். ஆகவே விசிறிப் பக்கம்தான் எப்போதும் கெட்ட காற்று. அங்கே பெருக்கும்போது காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், எழும் தூசி உங்களை விட்டு விலகிப் போகும். எதிர்த்து நின்றால் எல்லாம் முகத்தில்.

இப்போது மாஸ்க். உங்கள் என்95 போலியாக இருக்கவேண்டியதில்லை. என்95 தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அம்மோனியா அதன் வழியாகத் தாராளமாக உள்ளே வரும். நீல மாஸ்க் இரண்டுக்கும் உதவாது, அது ஓரமெல்லாம் திறந்தது, நம் எச்சில் அடுத்தவர்மேல் தெறிக்காமல் இருக்கச் செய்தது. உங்களுக்கு வேண்டியது ரப்பர் அரைமுக மாஸ்க், இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா திருகுவது. அம்மோனியா டப்பாவில் பச்சைப் பட்டை இருக்கும். ஐரோப்பிய வகையானால் கே என்ற எழுத்தும் இருக்கும். அதோடு தூசி வடிகட்டியும் சேர்ந்த டப்பாவாகக் கேளுங்கள், ஏனென்றால் வெறும் வாயு டப்பா தூசியை உள்ளே விட்டுவிடும். கண் எரிச்சல் அதிகம் என்றால் முழுமுக மாஸ்க்தான் சரி. வேலை முடிந்ததும் டப்பாவை மூடிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள், வெளியே தொங்கவிட்டால் சும்மா இருக்கும்போதே காற்றை உறிஞ்சித் தீர்ந்துவிடும். தாடி கூடாது. இரண்டு நாள் முள் தாடி இருந்தாலும் ரப்பர் ஒட்டாது. தைப்பூசத்துக்கு விரதத் தாடி வளர்க்கிறவர்கள் அந்தச் சமயத்தில் மோட்டார் வைத்துக் காற்று ஊதும் தலைக்கவச வகை கேட்கலாம், அல்லது அந்த நாட்களில் முட்டைத் தரம் பிரிக்கும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

தூசிக்கு வருகிறேன், எனக்கு இதுதான் பெரிய கவலை. கோழிக் கொட்டகைத் தூசி ரோட்டுத் தூசி இல்லை. இறகுத் துணுக்கு, தோல் செதில், தீவனப் பொடி, காய்ந்த எச்சம், பூஞ்சை வித்து, செத்த பாக்டீரியாவின் தோலில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சு எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்கும் மியன்மார் தம்பிக்கும் ஒரே ராத்திரி வந்த காய்ச்சல் அந்த நச்சின் வேலை மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. இயற்கைத் தூசியை ஒரேயடியாக நிறைய இழுத்தால் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி வரும், ஓரிரு நாளில் தானே போய்விடும். கூட இருந்த ஆட்களுக்கும் சேர்ந்து வரும். டாக்டருக்குக் கோழிப்பண்ணை என்று தெரியாவிட்டால் டெங்கி, ஃபுளூ என்றுதான் பார்ப்பார், அவர் மேல் குற்றமில்லை.

காற்றுப் பைப்பால் ஊதுவதை நிறுத்தவேண்டும். இதில் சமரசம் வேண்டாம். விசிறி ஓட, லேசாக நீர்த்துளி தெளித்துத் தூசியை அமுக்கி, நல்ல வடிகட்டி உள்ள வாக்குவம் வைத்து எடுக்கவேண்டும். சேறாகும் அளவுக்குத் தண்ணீர் அடித்தால் மறுபடி அம்மோனியா.

தூசியும் அம்மோனியாவும் தனித்தனியாகச் செய்யும் கெடுதலைவிடச் சேர்ந்து செய்யும் கெடுதல் அதிகம். அம்மோனியா தண்ணீரில் கரைவது, அதனால் கண், மூக்கு, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். நுண்ணிய தூசி அதைத் தாண்டி உள்ளே போகும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் கெல்லி டோன்ஹாமும் அவர் குழுவினரும் கோழிப்பண்ணைத் தொழிலாளர்களின் மூச்சுத் திறனை வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அளந்து, 2000-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன வரம்பு அம்மோனியாவுக்கு 12 பிபிஎம், மொத்தத் தூசிக்கு ஒரு கன மீட்டருக்கு 2.4 மில்லிகிராம். சிங்கப்பூரில் சட்டப்படி அம்மோனியாவுக்கு எட்டு மணி நேரச் சராசரி 25 பிபிஎம், பதினைந்து நிமிடத்துக்கு 35. வித்தியாசம் புரிகிறதா? சட்டத்தின் எண் அம்மோனியாவை மட்டும் பார்க்கிறது. நாம் இரண்டையும் சேர்த்து இழுக்கிறோம். 20 பிபிஎம் வந்தது, சட்டத்துக்கு உள்ளேதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

ஒரு விஷயம் கேள்விக்கு வெளியே. காப்பிக் கடைகளில், கஃபேக்களில் கூண்டில்லாக் கோழி முட்டைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள். கோழிக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தரையில் பரப்பிய படுகையைக் கிளறித் திரியும் கோழிகள் கூண்டுக் கொட்டகையைவிடப் பல மடங்கு தூசி கிளப்பும். அந்தத் தூசியை இழுக்கிற ஆள் யார் என்று அட்டையில் போடுவதில்லை.

பெர்மிட் விஷயம். இங்கே வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பண்ணைக்கும் பொருந்தும். 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களும் அதற்குள் வந்துவிட்டன. முதலாளி அபாய மதிப்பீடு எழுதி வைத்திருக்கவேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்க்கவேண்டும், ஆட்களுக்கு அதைச் சொல்லவேண்டும். வேலைக்குத் தேவையான பாதுகாப்புச் சாமானுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதிகாரியிடம் புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவதும், நீக்குவேன் என்று மிரட்டுவதும் குற்றம். மனிதவள அமைச்சுக்கு ஸ்னாப்சேஃப் என்ற அவர்களுடைய புகார்ச் சேவை வழியாகப் படத்தோடு அனுப்பலாம்.

இதெல்லாம் காகிதத்தில். நடப்பில் சின்ன பண்ணையில் யார் சொன்னார்கள் என்று ஊகித்துவிடுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால் முதலில் முட்டைக் கணக்கில் பேசுங்கள். அம்மோனியா அதிகமானால் கோழி தீவனம் குறைக்கும், முட்டை குறையும், மூச்சு நோய் சுலபமாகப் பிடிக்கும். "அந்த வரிசையில் முட்டை குறைகிறது, கோழிக்குக் கண் வீங்குகிறது" என்றால் தவுக்கே, அதாவது முதலாளி, அன்று மத்தியானமே வந்து பார்ப்பார். நமக்கு நெஞ்சு வலி என்றால் அடுத்த வாரம். கசப்பாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

---

மோகனூர்_ரோடு எழுதியது:

நான் நாமக்கல்காரன், இப்போது ஜூரோங்கில் வெல்டிங். எங்கள் வீட்டிலும் லேயர் ஷெட், அதாவது முட்டைக்கோழிக் கொட்டகை, இருந்தது. எங்கள் ஊர் ஷெட் பக்கவாட்டில் திறந்தது, கூண்டு உயரத்தில், எச்சம் கீழே தரையில் விழும், காற்று குறுக்கே போகும். அப்பா காலமெல்லாம் அதிலேயே இருந்தார், இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை என்று தோன்றுகிறது. நாற்றம் வந்தால் எருவின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவுவோம், ஈ குறையும்.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. கோழிகளுக்கு ராணிக்கெட் நோய்த் தடுப்பு மருந்து கொடுத்த நாளுக்கு அடுத்து ஷெட் ஆட்களுக்கு ஒரு கண் மட்டும் சிவந்து ஒட்டிக்கொள்ளும். நம்மவர் சொல்லும் கண் எரிச்சல் அதுவாக இருக்குமா?

---

பெல்ட்_சத்தம் எழுதியது:

நல்ல கேள்வி. ராணிக்கெட் உயிர்த் தடுப்பு மருந்து தெறித்தால் மனிதருக்குக் கண் சிவப்பது உண்டு. பெரும்பாலும் ஒரு கண்ணில், ஓரிரு நாள் கழித்து, தானே ஆறிவிடும். மருந்து தெளிக்கும் நாளில் கண்ணாடி கட்டாயம். ஆனால் முட்டைத்தட்டு அண்ணனுக்கு இரண்டு கண்ணும், உள்ளே நுழைந்ததும் எரிகிறது. அது வாயு.

சுண்ணாம்பு பற்றி: சுண்ணாம்பு காரம். ஈர எருவில் காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாகக் காற்றில் கிளம்பும். ஈ குறைந்திருக்கலாம், காற்று மோசமாகியிருக்கும். அம்மோனியாவை அடக்க அமிலம் வேண்டும். பிராய்லர் ஷெட் படுகையில் படிகாரம் போடுவது அதற்குத்தான். திறந்த ஷெட்டில் காற்று குறுக்கே போனதால் அப்பா தப்பித்தார், எங்களுடைய மூடிய கொட்டகையில் விசிறி நின்றால் கோழியே தாங்காது.

---

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, நான் தாதி. இங்கே சுவாசப் பிரிவில் பல வருடம் இருந்தவள். உங்கள் பதிவில் டாக்டருக்கு மிகவும் பயன்படும் வரி எது தெரியுமா? ஓய்வு நாளில் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். வேலையால் வரும் ஆஸ்துமாவைப் பிடிக்க அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அதை எண்ணாகக் காட்டுங்கள். பீக் ஃபுளோ மீட்டர் என்று, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று முறை பலமாக ஊதி அதிகமான எண்ணை எழுதுங்கள். எழுந்ததும், வேலை நடுவில், வேலை முடிந்து, படுக்கும் முன். குறைந்தது இரண்டு வாரம், ஓய்வு நாட்களும் சேர்த்து. பக்கத்தில் அன்று என்ன வேலை செய்தீர்கள் என்றும் எழுதுங்கள்: பெருக்கினேன், பெல்ட் வரிசை, தரம் பிரித்தேன் என்று. அந்தத் தாளைக் கொண்டுபோனால் டாக்டர் மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருக்கமாட்டார்.

டாக்டரிடம் வாயைத் திறந்ததும் சொல்லவேண்டியது, "நான் முட்டைக்கோழிப் பண்ணையில், கொட்டகைக்கு உள்ளே வேலை செய்கிறேன்." காய்ச்சலோடு போனால் இன்னும் முக்கியம், பறவைகளிடமிருந்து தொற்றும் பறவைக் காய்ச்சலும் கிளிக்காய்ச்சலும் இல்லை என்று உறுதி செய்யவேண்டும். சும்மா "ஃபார்ம்" என்றால் காய்கறித் தோட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள், லிம் சூ காங்கில் அதுவும் இருக்கிறதே.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இருக்கிறது, சீக்கிரம் பிடித்தால் அடங்கும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. பறவைத் தூசி, பூஞ்சைத் தூசிக்குச் சிலருடைய நுரையீரல் ஒவ்வாமையாகி உள்ளே தழும்பு விழும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, காரணம் இல்லாமல் எடை குறைவது, வறட்டு இருமல் விடாமல் இருப்பது இவையெல்லாம் தெரிந்தால் பீக் ஃபுளோ தாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே போங்கள். புகைப்பிடிப்பவரானால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலையால் வந்த ஆஸ்துமா என்று டாக்டர் உறுதி செய்தால் அவர் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும், அது அவர் கடமை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. கோரிக்கை வைக்க ஒரு வருடக் கெடு உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), ரசீது, டெங்கி ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றையும் தூக்கிப் போடவேண்டாம். ஒர்க் பெர்மிட் ஆட்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும், அது 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும்தான், சாதாரண கிளினிக் செலவுக்கு உங்கள் பண்ணை என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை உடையோடு வீட்டுக்குப் போகாதீர்கள். குளித்து, மாற்றிக்கொண்டு மோட்டார் ஏறுங்கள். பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் வயதா? அப்படியானால் கண்டிப்பாக.

---

முட்டைத்தட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா, சின்னவளுக்கு ஐந்து வயது, வாசலிலேயே காலைக் கட்டிக்கொள்வாள். பண்ணையில் குளியலறை இருக்கிறது, நான்தான் பாலத்து நெரிசலுக்குப் பயந்து குளிக்காமல் ஓடிவருவேன்.

பெல்ட்_சத்தம் அண்ணன் சொன்னபடி முட்டைக் கணக்கைக் கொண்டுபோனேன். அந்த வரிசையின் தினசரி எண்ணிக்கைத் தாளை ஃபோர்மேனிடம் காட்டி, கோழிகளின் கண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்ததையும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் நிப்பிள் மாற்றினார்கள். எச்சத்தை வாரித் தள்ள நான்கு பேரைப் போட்டார்கள், அதில் நானும் ஒருவன்! உருளை இன்னும் வரவில்லை.

மாஸ்க் கேட்டதற்கு, ஒன்று வாங்கித் தருகிறோம், முறைவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நான்கு பேருக்கு ஒரு மாஸ்க். இது சரியா? மியன்மார் தம்பி முகம் சின்னது, எனக்குப் பெரியது.

பீக் ஃபுளோ மீட்டர் வாங்கிவிட்டேன். மனைவி தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டாள். ஊத மறந்தால் அவள் விடுவதில்லை.

---

பெல்ட்_சத்தம் எழுதியது:

சரியில்லை. ஒருவர் எச்சிலும் வியர்வையும் பட்டதை அடுத்தவர் போடுவது ஒரு பக்கம். அளவு பொருந்தாத மாஸ்க் போட்டும் பயனில்லை. அந்த மாஸ்க் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு அளவு பார்த்து. கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "பொருத்தச் சோதனை எப்போது?" கசப்பு மருந்து தெளித்து, வாயில் கசப்பு தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது, மாஸ்க் விற்கும் கடைக்காரர்களே வந்து செய்து தருவதுண்டு. அவர் வந்தால் ஒரு மாஸ்க்கை நான்கு பேர் போடுவதைப் பார்த்து அவரே ஃபோர்மேனிடம் பேசிவிடுவார், நீங்கள் வாய் திறக்கவேண்டியதில்லை.

அதுவரை வாரித் தள்ளும் வேலைக்கு அந்த ஒரு மாஸ்க் பொருந்துகிற ஆள் மட்டும் உள்ளே போகட்டும், மற்றவர்கள் வெளியே தள்ளுவண்டிப் பக்கம் நிற்கட்டும். விசிறி எல்லாம் ஓடவேண்டும். எச்சத்தைக் கிளறும்போதுதான் அடியில் தேங்கிய அம்மோனியா மொத்தமாகக் கிளம்பும், அந்த நேரத்தில் முகத்தைக் குனிந்து பார்க்கவேண்டாம்.

அளக்கும் குழாய் ஒன்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடிக் குழாயின் இரு முனையையும் ஒடித்து, கைப் பம்பில் சொருகி இழுத்தால் நிறம் எதுவரை மாறுகிறதோ அதுதான் பிபிஎம். உங்கள் உயரத்தில், மூக்கு இருக்கும் மட்டத்தில் வைத்து இழுக்கவேண்டும், வாசலில் நின்று இழுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விசிறிப் பக்கம் ஒன்று, உடைந்த வரிசையில் ஒன்று, காலையில் முதல் ஆள் நுழையும்போது. எண் வந்ததும் இங்கே போடுங்கள்.